அடுப்போடு ஓர் அறை

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மதுரைக்குப் போக மாட்டுவண்டியே கதி என்றிருந்த காலத்தில் சாப்பாடும் வண்டியோடு போனது. முதல் நாளுக்குப் புளிச்சோறு. அது தீர்ந்த பிறகு அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வற்றல், உப்பு, ஒரு பானை, ஓர் அகப்பை. மேகமலை அடிவாரத்துச் சின்னமனூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இடையில் ஆண்டிபட்டிக் கணவாய் வேறு. பாரவண்டிக்கு அது சில நாள் வழி. வெயிலில் மாடு இழுக்காது. இரவில் ஓட்டிப் பகலில் அவிழ்த்துப் போடுவார்கள். படுப்பதற்கு வண்டி இருந்தது. ஆகவே வண்டி அவிழ்க்கும் இடத்தில் வழிப்போக்கன் முதலில் பார்த்தது தண்ணீரும் நிழலும் விறகும், மூன்று கல்லைக் கூட்டி உலை வைக்க ஒதுக்கமாக ஓர் இடமும் இருக்கிறதா என்பதைத்தான்.

சென்னையிலும் மதுரையிலும் நாலு நாள் தங்கப் போகிறவர்கள் இன்று ‘கிச்சன் வசதி உண்டா?’ என்று கேட்பதன் பூர்வகதை இந்த மூன்று கல்லில் தொடங்குகிறது. தங்குமிடமும் அடுப்பும் ஒன்றாக இருப்பதே தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். அவை இரண்டும் பிரிந்தது கிட்டத்தட்ட நூறு ஆண்டுச் சங்கதி.

பிரியாமல் இருந்ததற்கு முதல் காரணம், சோறு காசுக்குக் கிடைக்காதது. அன்னத்தை விற்பது இழிவு என்ற எண்ணம் ஊருக்கு ஊர் வேரோடியிருந்தது. பசித்தவனுக்குச் சோறு போடலாம், விலை சொல்லக் கூடாது. மணிமேகலையின் அமுதசுரபி இந்த எண்ணத்தின் காவிய வடிவம்; சத்திரம் அதன் நடைமுறை வடிவம். பேரன் விஜயரங்க சொக்கநாதன் சிறுவனாக இருந்ததால் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சத்திரங்களோடுமே அதிகம் சேர்ந்து நிற்கிறது. அவர் பெயர் தாங்கிய சத்திரம் மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. நடந்தும் வண்டியிலும் வந்தவர்களுக்காக எழுந்த அறம் அது. 1875இல் ரயில் மதுரைக்கு வந்ததும், ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறவன் கண்ணில் படும் முதல் தங்குமிடமாக ஆகிவிட்டது.

சத்திரம் என்றால் இலவசச் சாப்பாடு என்று மட்டும் நினைப்பது பாதிச் சித்திரம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் முன்னோர் ராமேசுவரம் வழியில் கட்டிய சத்திரங்களைப் பற்றி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் மறுபாதியைக் காட்டுகிறது. பிராமணர் முதல் சாதியடுக்கின் கடைசியில் வைக்கப்பட்டவர்கள் வரை வந்தவர் எல்லோருக்கும் அங்கே சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் சாமானும் சமைக்காமலே கொடுக்கப்படும் என்கிறார் மன்னர். வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியமும் பத்தியமும் உண்டு, குணமாகும்வரை தங்கலாம். நோயாளிக்கான இந்தச் சலுகை, அடுப்புள்ள அறையின் பிற்காலக் கதைக்கு முக்கியமானது.

சமைத்த சோற்றை ஏன் ஒருவர் மறுக்க வேண்டும்? யார் கை பட்ட சோறு என்ற கேள்விதான். பிறர் சமைத்ததை உண்ணாதவர்களுக்குத் தன் கையால் பொங்கிக்கொள்ள ஓர் அடுப்பு வேண்டியிருந்தது. முன்னால் திண்ணை, உள்ளே முற்றம், பின்கட்டில் கிணறு, சுவரோரம் கரியேறிய அடுப்பு மேடைகள் என்று அமைந்த சத்திரங்களில், எந்தக் கட்டு வரை யார் வரலாம் என்பதும் சேர்ந்தே அமைந்தது. ‘எல்லோருக்கும்’ என்று சாசனம் சொன்ன இடத்திலும் சிலருக்குத் திண்ணையோடு சரி. இன்று சுதந்திரமாகத் தோன்றும் ‘நாமே சமைத்துக்கொள்ளலாம்’ என்ற வசதியின் அடியில் தீண்டல் பயம் இருந்தது என்பதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

அந்தக் கதவுகள் அடைபட்டவர்கள் தங்களுக்கென்று வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தென்மாவட்டங்களில் சரக்கேற்றி வண்டியோட்டிய நாடார் வணிகர்கள் ஊருக்கு ஊர் பேட்டைகளை நிறுவினார்கள். சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய வளாகம். வண்டியும் மாடும் சரக்கும் உள்ளே பத்திரமாக நிற்கும். கிணறும் சமைக்கும் இடமும் உண்டு. விற்ற சரக்கின் மீது ‘மகமை’ என்று ஒரு சிறு பங்கை ஒதுக்கிச் செலவைச் சமாளித்தார்கள். கமுதி, சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் தழைத்த இந்த முறையிலிருந்து பிறந்த ‘உறவின்முறை’ என்ற சமூக அமைப்புகள் பிறகு பள்ளி, கல்லூரி என்று வளர்ந்தன. தேனியில் கல்லூரிகள் நடத்தும் உறவின்முறையின் பெயரில் ‘மேலப்பேட்டை’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரத்தார் வேறொரு வகையில் போனார்கள். காசி, ராமேசுவரம் என்று தாங்கள் போகும் தலங்களில் எல்லாம் விடுதி கட்டி, ஊர்ச் சமையலையும் கூடவே கொண்டுபோனார்கள். காசியில் கால்வைத்த செட்டிநாட்டு ஆச்சிக்குச் சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை.

அதே காலத்து ஜப்பானிலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. எடோ எனப்படும் காலத்துப் பெருவழிகளில் ‘கிச்சின்-யாடோ’ என்ற மலிவு விடுதிகள் இருந்தன. வழிப்போக்கன் தன் அரிசியைத் தானே கொண்டுவருவான். விடுதிக்காரர் அடுப்பெரிக்கும் விறகுக்குத்தான் காசு வாங்குவார். நம் சத்திரம் தருமத்தில் நின்றது, அவர்கள் விடுதி வியாபாரத்தில் நின்றது. அடுப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

கம்பெனி ஆட்சி சத்திரத்தை ஃபைலுக்குள் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு 7ஆம் ரெகுலேஷன் கோயில், பாலம், சத்திரம் ஆகியவற்றின் மானியங்களை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பல சத்திரங்கள் ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளின் கைக்கு வந்தன. மானிய நிலத்தின் வருமானம் வேறு செலவுகளுக்குத் திரும்பியதும் பல இடங்களில் சோறு முதலில் நின்றது. கட்டடமும் கிணறும் அடுப்பு மேடையும் மிஞ்சின. அரிசி வாங்கி வந்து பொங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள் என்ற அளவுக்குச் சத்திரம் சுருங்கியது.

துரைமார்களுக்கு இந்தத் திண்ணைகள் ஒத்துவரவில்லை. அவர்களுக்காக எழுந்தது முசாபரி பங்களா. அரசுப் பேச்சில் டிராவலர்ஸ் பங்களா, ஊர்ப் பேச்சில் ‘டி.பி.’. பிரதான சாலைகளில் ஒருநாள் பயணத்துக்கு ஒன்றாக இவை வந்தன. இரண்டு அறை, ஒரு வராந்தா, சாய்வு நாற்காலி, கையெழுத்துப் போட ஒரு ரிஜிஸ்டர். சமையலறை மட்டும் பங்களாவுக்குள் இருக்காது; பத்தடி தள்ளிப் பின்னால் தனிக்கொட்டகையாக இருக்கும். புகையும் நெருப்பும் வேலைக்காரர் நடமாட்டமும் உள்ளே வரக் கூடாது. துரை வந்து இறங்கியதும்தான் பட்லர் கோழியைத் துரத்துவார் என்பது அந்நாள் பயணக் குறிப்புகளில் சலிக்காமல் வரும் கேலி. கன்ட்ரி கேப்டன் என்ற கோழிக்கறி இந்தப் பின்கொட்டகைகளால் பேர்பெற்ற பண்டம். முசாபரி பங்களாக்கள் பின்னாளில் ‘பயணியர் மாளிகை’ ஆகி, பொதுப்பணித் துறையிடமும் உள்ளாட்சிகளிடமும் வந்து சேர்ந்தன. சமையல்காரர் ஓய்வுபெற்ற இடங்களில் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது.

மேகமலையில் இதன் தோட்ட வடிவம் உருவானது. ஹைவேவிஸ் என்று ஆங்கிலேயர் அழைத்த, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்து மலைத்தொடரில் தேயிலை பரவியபோது, மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று ஆற்றின் பேரிலேயே எஸ்டேட் குடியிருப்புகள் வந்தன. மேட்டில் மேனேஜர் பங்களா. பள்ளத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள். பங்களாவில் கரியடுப்பும் சமையல்காரரும் உண்டு. லைன் வீட்டில் ஓர் அறையும் அதை ஒட்டிய சிறு அடுப்படியும்தான். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டித் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கிய பிறகும் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. சொந்தக்காரர் யாராவது சின்னமனூரிலிருந்து ஏறி வந்தால் அந்த ஒற்றை அறையிலேயே பாய் விரித்து, அதே அடுப்பில் இன்னொரு பிடி அரிசியைச் சேர்த்துப் போடுவார்கள். விருந்தாளிக்கு மலையில் வேறு போக்கிடம் இல்லை. கூப்பிடு தூரத்தில் ஹோட்டலும் இல்லை.

மலையிலிருந்து இறங்கி நகரத்துக்குப் போகிறவர்களின் தேவை வேறு. தேனி தனி மாவட்டமானது 1996இல்தான். அதுவரை கலெக்டர் ஆபீஸ், ஜில்லா கோர்ட், பெரியாஸ்பத்திரி எல்லாமே மதுரை. அப்பீல் என்றால் சென்னை. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை திறந்தது 2004 ஜூலை 24 அன்று. ஏலக்காய்க் கணக்கு, நிலத் தாவா, வாய்தா என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிரு இரவு வெளியூரில் தங்கியாக வேண்டும். 1928இல் மதுரை–போடி ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1950களில்தான் வண்டி மறுபடி வந்தது. பஸ்ஸும் ரயிலும் பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கியதும் அரிசி மூட்டை தூக்கும் அவசியம் போயிற்று.

அந்த இடத்தில்தான் லாட்ஜும் காபி கிளப்பும் நுழைந்தன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிராமணாள் ஹோட்டல்களும் உடுப்பி ஹோட்டல்களும் பரவி, சோற்றை விலைக்கு விற்பதில் இருந்த கூச்சத்தைக் கலைத்தன. சாப்பாட்டுக்கு ஹோட்டல், படுக்கைக்கு லாட்ஜ் என்று வேலை பிரிந்தது. மதுரையில் டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி வட்டாரம் லாட்ஜ்களால் நிறைந்தது. காலேஜ் ஹவுஸ் பேரைச் சொன்னால் பள்ளத்தாக்கில் தெரியாதவர் குறைவு. லாட்ஜ் அறையில் கட்டில், மேசை, கண்ணாடி, கூஜா உண்டு, அடுப்பு கிடையாது. சுவரில் ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்ற பலகை வந்தது. பலகை வந்ததற்கு பம்ப் ஸ்டவ்தான் காரணம். விறகும் சாம்பலும் இல்லாமல், மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்துப் பற்றவைக்கும் அந்தப் பித்தளை ஸ்டவ் ஒரு பைக்குள் அடங்கும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குடும்பம் உப்புமா கிண்டிவிடலாம். வாசனைதான் காட்டிக்கொடுக்கும். திரி ஸ்டவ் இதை இன்னும் சுலபமாக்கியது.

ஹோட்டலில் சாதி உடனே மறைந்துவிடவில்லை. பரிமாறும் இடம் பல ஊர்களில் தனித்தனியாக நீடித்தது. 1938ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம், பிறகு அரசமைப்பின் 15, 17ஆம் பிரிவுகள் என்று தடைகள் வந்தன. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் ஒரு படி மேலே போய்ப் பாத்திரத்தைத் தொட்டது. ஹோட்டல், தர்மசாலை, சராய், முசாபர்கானா ஆகியவற்றில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திர பண்டங்களைத் தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்றது. சத்திரத்துப் பானையைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய அந்த வரி, அடுப்படியில் என்ன நடந்துவந்தது என்பதற்கு அரசே கொடுத்த சாட்சியம். ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் நடத்திய போராட்டமும் இதே வரலாற்றின் ஒரு பக்கம்.

சென்னையில் பள்ளத்தாக்குக்காரர்களின் மலிவான தங்கலுக்கு வேறு வழிகள் இருந்தன. சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே, சவலை ராமசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டிவைத்த சத்திரம் ரயிலில் வந்தவர்களுக்குப் பெரிய ஆதரவு. எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் தொகுதிக்காரர் என்று சொல்லி ஒரு மூலையில் படுப்பது இன்னொன்று. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மாத வாடகைக்கு இருக்கும் ஊர்ப் பையனின் கட்டிலுக்குக் கீழே பாய் போடுவது மூன்றாவது. காசே ஆகாது, மேன்ஷன் மேனேஜரின் முறைப்பைத் தாங்கினால் போதும். இவற்றில் எதிலும் வெளியூர்க்காரருக்கு அடுப்பு இல்லை. மெஸ் இருந்ததால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

அடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் பக்தர்கள்தாம். கார்த்திகை பிறந்து தை வரை குமுளிச் சாலையில் போகும் சபரிமலை பஸ்களின் மேலே அண்டாவும் கேஸ் சிலிண்டரும் ஏறியிருக்கும். சமையல்காரரும் மாலை போட்டுக்கொண்டு வருவார். தோப்போரம் வண்டியை நிறுத்தி, முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் குளித்து, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது இன்றும் நடக்கிறது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்களும் ஆற்றங்கரையில் பொங்கிச் சாப்பிடுகிறார்கள். விரதத்துக்காரருக்கு ஹோட்டல் சாப்பாட்டின் மீது நம்பிக்கை இல்லை. நாற்பது பேருக்கு ஹோட்டல் பில் கட்டவும் முடியாது. இரண்டு காரணமும் சம அளவில் உண்மை.

நகரத்துக்குள் அடுப்பைத் திரும்பக் கொண்டுவந்தது ஆஸ்பத்திரி. சத்திரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உறவு பழையது. 1782 பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியாகத் தொடங்கிய சென்னை மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த மருத்துவமனைதான் பிற்காலத்து ஸ்டான்லி. சென்ட்ரல் அருகே சத்திரம் கட்டிய அதே ராமசாமி முதலியாரின் பெயரில்தான் ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனால் கூட வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் சோறு இல்லை. நோயாளிக்குக் கஞ்சியும் ரசமும் குழைந்த சாதமும் வேண்டும். ஹோட்டல் சாம்பாரில் இருக்கும் காரமும் எண்ணெயும் ஆகாது.

வேலூரில் இது ஒரு தொழிலாகவே ஆனது. ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கும். அவர்களுக்கு மீனும் கடுகெண்ணெயும் இல்லாமல் சாப்பாடு இறங்காது. காந்தி ரோட்டையும் அதன் சந்துகளையும் சேர்ந்த லாட்ஜ்கள் அறைக்குள் ஒரு மேடையும் சின்ன சிலிண்டரும் வைத்தன. ஸ்டவ்வும் பாத்திரமும் தினவாடகைக்குக் கிடைத்தன. கீழே காய்கறிக் கடைகளில் வங்காள எழுத்தில் பலகைகள் வந்தன. ‘சமைக்கக் கூடாது’ பலகையை முதலில் கழற்றிய லாட்ஜ்காரர்களில் இவர்களுக்கு முக்கிய இடம் உண்டு. சென்னையில் 1983இல் அப்போலோ வந்த பிறகு கிரீம்ஸ் ரோடு, ஆயிரம் விளக்குப் பகுதியின் பழைய வீடுகள் இதே திசையில் மாறின: ஓர் அறை, ஓர் ஒட்டுச் சமையலறை, இரண்டு பாத்திரம், ஒரு மிக்ஸி.

பணக்கார உலகத்தில் இந்த எண்ணம் தனியாக உருவாகியிருந்தது. அமெரிக்காவில் ஜாக் டிபோயர் 1975இல் விசிட்டா நகரில் ‘ரெசிடென்ஸ் இன்’ என்ற பெயரில் சமையலறையோடு கூடிய விடுதியைத் தொடங்கினார். வேலை மாற்றத்தில் வாரக்கணக்காக வெளியூரில் கிடக்கும் ஊழியர்கள் அதன் வாடிக்கையாளர்கள். 1987இல் மேரியட் அதை வாங்கியது. சாஃப்ட்வேர் கம்பெனிகளோடு இந்தியாவுக்கு வந்த ‘சர்வீஸ் அபார்ட்மென்ட்’ அந்த வகையைச் சேர்ந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் அது கம்பெனிச் செலவு. கிரீம்ஸ் ரோட்டில் நகையை அடகு வைத்த செலவு. ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இரண்டும் நடக்கின்றன.

தேனிக்காரர்களுக்கு நகரப் பயணத்தின் காரணங்கள் இதற்கிடையில் குறைந்துகொண்டே வந்தன. அரவிந்த் கண் மருத்துவமனை 1985இல் தேனிக்கே வந்தது. தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கலெக்டரும் கோர்ட்டும் ஊரோடு வந்தாயிற்று. மிஞ்சியது புற்றுநோய், இதயம், சிறுநீரகம் போன்ற நீண்ட சிகிச்சைகளும் பிள்ளைகளின் படிப்பும் பரீட்சையும். அகலப் பாதை வேலைக்காக மூடிய போடி ரயில் 2022இல் தேனி வரையும் 2023 ஜூன் 15 முதல் போடி வரையும் திரும்ப ஓடுகிறது. அந்த நாளில்தான் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேர் ரயிலும் வந்தது.

நோயாளியோடு கூட வந்தவருக்குச் சோற்றுச் செலவைக் குறைத்ததில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்துக்குப் பங்குண்டு. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம் என்று பெரிய ஆஸ்பத்திரி வளாகங்களிலேயே கிடைத்ததால், காசை மிச்சம் பிடிக்க மட்டும் சமைத்தவர்கள் அடுப்பை விட்டார்கள். நோயாளிக்குக் கஞ்சி வைக்க வேண்டியவர்கள் விடவில்லை. 2022 ஜூலை 18 முதல், நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கீழான அறைகளுக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கும் போனது, மலிவு அறைக்காரருக்குத்தான் அது உறைத்தது.

இப்போது அடுப்புள்ள அறையைத் தேடும் முறை பெரும்பாலும் இதுதான். அறைக்காரரிடம் முதலில் ஆஸ்பத்திரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். அடுத்து கேஸா இண்டக்‌ஷனா, கரண்ட் தனியா, பாத்திரம் இருக்கிறதா, ஃப்ரிட்ஜ் உண்டா. ஓரிரு நாள் என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா என்று வாங்கிப் போடுவதற்கு ஹோட்டலே மேல். வாரம் தாண்டினால் கணக்கு மாறும். பலர் மாத வாடகை பேசிப் பாதி மாதத்தில் காலி செய்கிறார்கள், அதுவும் தினவாடகையைவிடக் குறைவாகவே முடிகிறது. கிளம்பும்போது மிச்ச அரிசியும் எண்ணெயும் பக்கத்து அறைக்குப் போகும். பெரும்பாலும் அங்கேயும் ஒரு நோயாளி இருப்பார்.

மேகமலையில் வாடிக்கை தலைகீழாகியிருக்கிறது. நகரத்துக்காரர்கள் இரண்டு நாள் தங்க அங்கே ஏறுகிறார்கள். பழைய எஸ்டேட் பங்களாக்களில் சில விருந்தினர் விடுதியாகிவிட்டன. ஹைவேவிஸ் பேரூராட்சிக்கும் ஒரு விருந்தினர் மாளிகை உண்டு. காடு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மாலை 6 மணிக்கு மேல் தென்பழனி சோதனைச் சாவடி வண்டிகளை ஏறவிடாது. மலையில் பெரிய கடை கிடையாது. என்ன சமைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறவர்களும் உண்டு, காய்கறியையும் கோழியையும் சின்னமனூர்ச் சந்தையில் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.